கொளஞ்சியின் முட்டிக்கு ஒரு மெடல்

ஊசுட்டேரிக் கரையில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பிரேம் பிரஸ்ஸிங்ஸ் கம்பெனியின் நிர்வாக இயக்குநர் பிரேம்குமாரை ஒரு டிபன் கேரியர் முந்திக்கொண்டு போனது.

டிபன் கேரியர் தொங்கியது ஒரு பழைய சைக்கிளின் ஹேண்டில் பாரில். சீட்டுக்குப் பால் கவர் மாட்டியிருந்தது. ஓட்டியவன் காக்கி பேன்ட்டை முட்டிக்குக் கீழே சுருட்டிவிட்டிருந்தான். மணியடித்து, "ஓரம் சார்" என்றான். அவ்வளவுதான், போய்விட்டான்.

பிரேம்குமார் அப்போது முழு வேகத்தில் இருந்தார் என்பதுதான் விஷயம். அவர் நெஞ்சைச் சுற்றியிருந்த பட்டை நாடித்துடிப்பை எண்ணியது. மணிக்கட்டிலிருந்த கடிகாரம் அந்த எண்ணை பெங்களூரில் இருக்கும் கோச்சுக்கு அனுப்பியது. கோச் அதைப் பார்த்துவிட்டு வாரம் ஒரு முறை 'எக்ஸலண்ட்' என்று பதில் போடுவார். சைக்கிள் இத்தாலியில் செய்தது. ஒற்றை விரலால் தூக்கிவிடலாம். அதன்மேல் உட்காருகிறவரைத் தூக்கத்தான் ஆள் தேவைப்பட்டது.

ஒன்பதரை மணிக்குக் குளித்து, காரில் சேதராப்பட்டுக்கு வந்து, தன் கம்பெனி வாசலில் இறங்கியவர் தொழிலாளர்களின் சைக்கிள் ஷெட்டைப் பார்த்தார். பால் கவர் மாட்டிய சீட்டு அங்கே நின்றது.

எச்.ஆர். மேனேஜர் பூர்ணிமாவைக் கூப்பிட்டார். "இது யாரோடது?"

"கொளஞ்சி சார். ஸ்டோர்ல இருக்காரு. கான்ட்ராக்ட்." பூர்ணிமா தயங்கிவிட்டுச் சொன்னாள். "அவருக்குக் கால் கொஞ்சம் சரியில்ல சார்."

பிரேம்குமாருக்கு அன்று காலை டிபன் இறங்கவில்லை.

கொளஞ்சிக்கு நாற்பத்தோரு வயது. கூடப்பாக்கத்தில் வீடு. ஒன்பது வருஷமாக இந்தக் கம்பெனி; ஒன்பது வருஷமும் கான்ட்ராக்ட். மிக்ஸிக்கும் கிரைண்டருக்கும் தகரப் பாகங்கள் அடிக்கும் பெரிய பிரஸ்ஸில் நின்றவன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் இரும்பு அச்சு ஒன்று நழுவி அவன் இடது முட்டியில் விழுந்தது. கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில் அறுத்து, கம்பி வைத்து, தைத்து அனுப்பினார்கள். எலும்பு டாக்டர் மூன்று விஷயம் சொன்னார்: ரொம்ப நேரம் நிற்காதே, மேடு ஏறி நடக்காதே, சைக்கிள் ஓட்டு, முட்டிக்கு நல்லது. மூன்றையும் ஒரு தாளில் எழுதியும் கொடுத்தார்.

அந்தத் தாளின் புண்ணியத்தில் கொளஞ்சிக்கு ஸ்டோரில் ஒரு ஸ்டூல் கிடைத்தது. உட்கார்ந்து வாஷர்களை அளவு வாரியாகப் பிரித்து டப்பாவில் போட வேண்டும். ஸ்டூலுக்கும் ஒரு கால் கொஞ்சம் குட்டை. "எனுக்குன்னே செஞ்சிருக்கானுவ" என்று சொல்லிக்கொண்டு உட்காருவான்.

ஆனால் கான்ட்ராக்ட் என்பது பதினோரு மாதத்துக்கு ஒரு முறை செத்துப் பிழைப்பது. ஒவ்வொரு முறையும் கான்ட்ராக்டர் அவனை ஏற இறங்கப் பார்த்து, "உக்காந்துகினு செய்ற வேலைக்கு ஆம்பள எதுக்குய்யா?" என்று கேட்பார். கொளஞ்சி சிரித்து மழுப்புவான். அவனுக்கு வேண்டியது ஒரே ஒரு காகிதம், பர்மனன்ட் ஆர்டர். அது கைக்கு வந்துவிட்டால் ஸ்டூலை எவனும் பிடுங்க முடியாது. ரிட்டயர் ஆகும்வரை உட்கார்ந்திருக்கலாம். மனுஷன் ஆசைப்பட்டது ஒரு நாற்காலிக்குக்கூட இல்லை.

மதியம் அவனை கேபினுக்குக் கூப்பிட்டார்கள்.

"உக்காரு" என்றார் பிரேம்குமார். ஒன்பது வருஷத்தில் முதல் தடவை. கொளஞ்சி நுனியில் உட்கார்ந்தான். ஊசுட்டேரியில் மணியடித்ததற்கு வேலை போகப் போகிறது என்று நினைத்தான்.

"உனக்குள்ள ஒரு சாம்பியன் இருக்கான், தெரியுமா?"

"இல்ல சார்" என்றான் கொளஞ்சி அவசரமாக, ஏதோ திருட்டுப் பட்டம் கட்டுகிறார்கள் என்பதுபோல்.

பிரேம்குமார் விளக்கினார். புதுச்சேரியில் 'லெ ரூ' என்று ஒரு சைக்கிள் கழகம். ரூ என்றால் பிரெஞ்சில் சக்கரம். அவர்தான் தலைவர். வருகிற சனிக்கிழமை கல்வராயன் மலையில் கிராவல் ரைடு.

"கிராவல்னா சார்?"

"தார் இல்லாத ரோடு. செம்மண்ணு, ஜல்லி, காடு, ஏத்தம், எறக்கம். எண்பது கிலோமீட்டர், ஒன்பது மணி நேரத்துல முடிக்கணும்."

கொளஞ்சிக்கு விளங்கவில்லை. அவன் தெருவில் கிராவல் கொட்டி நாலு வருஷம் ஆகிறது. மேலே தார் போடச் சொல்லி ஊரே இரண்டு முறை மறியல் செய்து, ஒரு முறை கல்யாண மண்டபத்தில் சாயங்காலம்வரை அடைபட்டும் இருந்தது. "அதுக்கு எதுக்கு சார் மலைக்கு? எங்க தெருவுல ஓட்டலாமே" என்றான்.

பிரேம்குமார் அதை நகைச்சுவையாக எடுத்துக்கொண்டார்.

விஷயம் இதுதான். இந்த மாதிரி ரைடுக்கு ஒரு விதி உண்டு, பிரான்ஸிலிருந்து வந்த விதி. பின்னால் கார் வரக் கூடாது, வெளியாள் கைகொடுக்கக் கூடாது. சக போட்டியாளர் உதவினால் மட்டும் தப்பில்லை. போன வருஷம் பிரேம்குமார் நாற்பதாவது கிலோமீட்டரில் உட்கார்ந்துவிட்டார். முந்தின வருஷம் முப்பத்திரண்டில். கழகத்தின் தலைவர் கழகத்தின் மெடலை இதுவரை தொட்டதில்லை.

"நீயும் பேரு குடுக்கற. என் கூடவே வர்ற. என் கூடவே முடிக்கற" என்றார். "திங்கக்கிழமை உனக்கு பர்மனன்ட் ஆர்டர். என் கையால குடுக்கறேன்."

கொளஞ்சி எழுந்து நின்றுவிட்டான். முட்டி சுரீர் என்றது. அதைக் கவனிக்கவில்லை.

அன்று மாலையே பூர்ணிமா ஒரு படிவத்தை நீட்டினாள். இங்கிலீஷில் இருந்தது.

"இதுல இன்னா மேடம் போட்டிருக்கு?"

"ஒண்ணும் இல்ல. உடம்பு நல்லாருக்கு, எலும்பு மூட்டுல எந்தக் கோளாறும் இல்லன்னு நீங்களே எழுதிக் குடுக்கறது."

"முட்டியில கம்பி இருக்கே மேடம்."

"சும்மா ஃபார்மாலிட்டிதான். எல்லாரும் போடறது. போடலன்னா பேரு சேத்துக்க மாட்டாங்க."

கொளஞ்சி போட்டான். ஒன்பது வருஷமாகக் கையெழுத்துப் போடாத ஒரே காகிதம் பர்மனன்ட் ஆர்டர்தான். மற்றதெல்லாம் போட்டுப் பழகின கைதான்.

பிரஸ்ஸில் வேலை பார்க்கும் பாவாடை அண்ணன் கேட்டதும் விழுந்து விழுந்து சிரித்தார். "இன்னாபா, மொதலாளியோட மலையேறப் போறியாமே? தூக்கிகினு போறியா, இழுத்துகினு போறியா?"

"கூடப் போறேன்ணா."

"கூடப் போறவனுக்கு எவன்டா ஆர்டர் குடுப்பான்?"

வீட்டில் தனம் வேறு மாதிரிக் கேட்டாள். கழகம் கொடுத்த டிராயரை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். தொடையோடு ஒட்டுவது, பின்பக்கம் பஞ்சு வைத்துத் தைத்தது. "இத்தப் போட்டுகினு நாலு பேரு முன்ன போவப் போறியா நீ?"

"மலைல யாருடி பாக்கப் போறாங்க?"

"முட்டி?"

"ஓட்டுனா வலிக்காது தனம். நின்னாத்தான் வலி. ஒரு நாளு. அப்புறம் ஆயுசுக்கும் உக்காந்துடலாம்."

தனம் டிராயரைத் துவைத்துக் காயப் போட்டாள். தெருப் பக்கம் இல்லை, கொல்லைப் பக்கம்.

சனிக்கிழமை காலை ஐந்தரை மணிக்குக் கடற்கரைச் சாலையில் காந்தி சிலை முன்னால் கூட்டம். இருபத்திரண்டு சைக்கிள், நாலு கேமரா, தொகுதிப் பிரமுகர் ஒருவர். பனியன்களில் 'லெ ரூ' என்று எழுதியிருந்தது. அது பெண்பால் சொல், 'லா' என்றுதான் வர வேண்டும் என்று சுப்பராயன் முதல் கூட்டத்திலேயே சொன்னார். பனியன் அடித்தாகிவிட்டது என்று பதில் வந்தது.

சுப்பராயன் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எழுபத்தோரு வயது. ஊரில் இப்படிப்பட்டவர்களை சொல்தா என்பார்கள். அவரை எல்லோரும் பிரெஞ்சு மரியாதையில் முசே, அதாவது ஐயா, என்று கூப்பிட்டார்கள். சைக்கிள் ஓட்டமாட்டார். விதிப் புத்தகமும் ரப்பர் முத்திரையும் அவர் கையில். வழியில் சோதனைச் சாவடி போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களின் அட்டையில் நேரம் எழுதி முத்திரை குத்துவது அவர் வேலை. முத்திரை இல்லாதவன் வரவே இல்லை என்று அர்த்தம்.

பிரமுகர் கொடியசைத்தார். "அலே! அலே!" என்று பிரேம்குமார் கத்தினார். 'போ' என்று அர்த்தம்; மூன்று மாதப் பிரெஞ்சு வகுப்பில் மிச்சம் நின்றது அந்தச் சொல்தான். இருபத்திரண்டு சைக்கிளும் சூரியனை ஒரு பக்கம் வாங்கிக்கொண்டு அழகாகப் புறப்பட்டன. நானூறு மீட்டர் போய் ஒரு முக்கில் திரும்பின. அங்கே வேன்கள் நின்றன. எல்லோரும் இறங்கி, சைக்கிளைக் கழற்றி ஏற்றி, ஏசி போடச் சொல்லி உட்கார்ந்தார்கள்.

கொளஞ்சி மட்டும் இல்லை. அவன் கல்வராயன் மலைவரை சைக்கிளில்தான் போக வேண்டும் என்று நினைத்து, அந்நேரம் இந்திரா காந்தி சதுக்கத்தைத் தாண்டியிருந்தான். பைக்கில் ஆள் அனுப்பித் திருப்பிக் கூட்டிவர வேண்டியிருந்தது.

ஒன்பது மணிக்கு கோமுகி அணையடியில் உண்மையான ரைடு தொடங்கியது. சாயங்காலம் ஆறு மணிக்குள் மலையைச் சுற்றி அங்கேயே வந்து சேர வேண்டும். கொளஞ்சிக்கு பிரேம்குமாரின் பழைய சைக்கிளைக் கொடுத்திருந்தார்கள். அதன் முதுகில் ஒரு பை. பிரேம்குமாரின் தண்ணீர் மூன்று பாட்டில், உபரி டியூப், காற்றடிக்கும் பம்பு, வாழைப்பழம், பிழிந்து குடிக்கும் சத்துப் பசை, மாற்று பனியன், தலைக்குத் தடவும் ஜெல். கடைசியில் சொன்னது, மெடல் வாங்கும்போது எடுக்கும் போட்டோவுக்கு.

முதல் பத்து கிலோமீட்டர் பிரேம்குமார் நன்றாகவே ஓட்டினார். பேசிக்கொண்டே ஓட்டினார். மூச்சை வயிற்றிலிருந்து இழுக்க வேண்டும், தோளைத் தளர்த்த வேண்டும், வலி என்பது மூளை சொல்லும் பொய். கொளஞ்சி "ஆமா சார்" என்றான். அவனுக்கு இதமாகத்தான் இருந்தது. கியர் போட்ட சைக்கிளை அவன் அதற்கு முன் தொட்டதே இல்லை. ஏற்றம் வந்தால் ஒரு தட்டு, கால் இலவம்பஞ்சு மாதிரி சுற்றியது. புங்கமும் கடுக்காயும் நெருங்கி நின்ற காட்டுக்குள் செம்மண் பாதை வளைந்து வளைந்து ஏறியது. ஆட்டை ஓட்டிக்கொண்டு எதிரில் வந்த அந்த மலையின் மலையாளிப் பழங்குடிப் பெண் ஒருத்தி நின்று அவர்கள் டிராயரைப் பார்த்துவிட்டு, முகத்தை மரத்தின் பக்கம் திருப்பிக்கொண்டாள். தனம் சொன்னது சரி என்று கொளஞ்சி நினைத்துக்கொண்டான்.

இருபத்தேழாவது கிலோமீட்டரில் பாதை நிமிர்ந்தது. மழையில் மண் கரைந்து, முஷ்டியளவு கற்கள் மட்டும் நின்றன. பிரேம்குமாரின் பின்சக்கரம் ஒரு சுற்று வழுக்கியது, இறங்கிவிட்டார்.

"இந்த எடத்துல தள்ளிக்கிட்டு போறதுதான் டெக்னிக்" என்றார்.

அவரால் தள்ள முடியவில்லை. அதனால் கொளஞ்சி தள்ளினான், இரண்டு சைக்கிளையும், வலது கைக்கு ஒன்று, இடது கைக்கு ஒன்று. பிரேம்குமார் பின்னால் இடுப்பில் கைவைத்து நடந்து வந்தார், மலையைச் சோதனை போடவந்த அதிகாரி மாதிரி. ஏற்றத்தில் நடக்காதே என்று டாக்டர் எழுதியிருந்தாரே, அந்த ஏற்றம் இரண்டு கிலோமீட்டர் நீளம் இருந்தது. உச்சியில் கொளஞ்சியின் முட்டி அடுப்பில் வைத்த மாதிரி எரிந்தது.

அதன்பிறகு அவன் ஒரு வழி கண்டுபிடித்தான். இறங்க விட்டால்தானே நடக்க வேண்டும்? பிரேம்குமாரை இறங்கவே விடவில்லை. பக்கத்தில் ஓட்டிக்கொண்டு, இடது கையை அவர் முதுகில் வைத்து அழுத்தித் தள்ளினான். ஒரு கால் மிதிக்கும் மிதியில் இரண்டு ஆள் ஏறினார்கள். உதவி சக போட்டியாளனுடையது. பிரான்ஸ் விதிக்கு ஒரு குறையும் இல்லை.

"ரிதம் கெடைச்சிடுச்சு கொளஞ்சி!" என்றார் பிரேம்குமார். "ஃபீல் பண்றியா?"

"ஃபீல் பண்றேன் சார்."

ஐம்பத்தைந்தாவது கிலோமீட்டரில் ஒரு மலைக் கிராமம். டீக்கடைக்குப் பக்கத்தில் மேசை போட்டு சுப்பராயன் உட்கார்ந்திருந்தார். மற்ற இருபது பேரும் போய்விட்டிருந்தார்கள். பிரேம்குமார் பெஞ்சில் மல்லாந்து, காலைச் சுவரில் தூக்கிவைத்து, செல்போனைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார்: "ஃப்ரெண்ட்ஸ், இந்த மலை எனக்கு என்ன கத்துக்குடுத்துச்சுன்னா..."

கொளஞ்சி இரண்டு அட்டைகளையும் மேசையில் வைத்தான். சுப்பராயன் அட்டையைப் பார்க்கவில்லை. கீழே பார்த்தார். இடது முட்டி சின்னப் பரங்கிக்காய் அளவுக்கு இருந்தது. தழும்பு அதன்மேல் இறுக்கமாக மின்னியது.

"முட்டி இன்னா ஆச்சு?"

"வெயில்ல வீங்கிச்சு முசே."

"வெயில்ல மாங்காதான் பழுக்கும். உக்காரு." கொளஞ்சி உட்கார்ந்தான். "யாரு அறுத்தது?"

"கோரிமேட்டுல. கம்பெனில அச்சு வுழுந்துது."

சுப்பராயன் குரலைத் தாழ்த்தினார். "அந்த ஆளை எதுக்குத் தள்ளிகினு வர்ற?"

"கூட முடிச்சா ஆர்டர்னு சொல்லிருக்காரு முசே. பர்மனன்ட்."

கிழவர் பேனாவின் மூடியைக் கழற்றி மாட்டி, கழற்றி மாட்டினார். "நான் ஒண்ணு செய்யறேன். உன் கார்டுல கைவிட்டார்னு எழுதறேன். காரணம், இடது முட்டி வீக்கம், பழைய காயம். தேதி, நேரம், என் கையெழுத்து. ஊர்வண்டி ஒண்ணு கீழ போவுது, ஏறிப் போ. அந்தக் காயிதம் ஒரு நாளைக்கு உனக்கு ஒதவும்."

"கைவிட்டேன்னு காயிதமா?"

"ஆப்பிரிக்காவுல, ஜிபுத்தியில, பட்டாளத்துல எங்கூட ஒருத்தன் இருந்தான்டா. கால்ல அடி. ஊனம்னு பென்ஷனுக்கு எழுதிப் போட்டிருந்தான், வர்ற மாதிரி இருந்துது. பதினாலு ஜூலை வந்துது, பிரான்ஸோட தேசிய நாளு. விழாவுல சாக்குப் பந்தயம். கூட இருந்தவனுவ உசுப்பேத்திவுட்டானுவ, ஓடினான். மொத பரிசு. மேயர் கையால கோப்பை, பேப்பர்ல போட்டோ." சுப்பராயன் மூடியை மாட்டினார். "கோப்பை இன்னும் அவன் ஊட்ல இருக்குது. பென்ஷன் வரல."

கொளஞ்சி சிரித்துவிட்டான். சாக்குக்குள் ஒரு பட்டாளத்துக்காரன் குதிப்பதை நினைத்துச் சிரித்தான். கதை தன்னைப் பற்றியது என்று அவனுக்குத் தோன்றவில்லை. அவன் கேட்டது பென்ஷன் இல்லையே, வேலை. அதுவும் கொடுப்பவர் இதோ பெஞ்சில் படுத்திருக்கிறார், நல்ல மனுஷர், உட்காரச் சொன்னவர்.

"முத்திரை குத்துங்க முசே."

"யோசிச்சுப் பாரு."

"நேரமாவுது முசே. குத்துங்க. உங்க கால்ல வேணா வுழறேன்." சொல்லிக்கொண்டே குனியப் போனான். முட்டி மடங்கவில்லை.

சுப்பராயன் அவனைத் தடுத்து, நேரம் எழுதி, முத்திரையை மையில் ஒற்றிக் குத்தினார். பட்டாளத்துக் கை, அழுத்தமாகவே விழுந்தது.

கடைசி இருபத்தைந்து கிலோமீட்டரைப் பற்றி கொளஞ்சிக்குப் பின்னால் சரியாக ஞாபகம் இல்லை. ஒரு முறை டியூப் வெடித்தது, மாற்றினான். பிரேம்குமார் ஒரு ஏற்றத்தின் நடுவில், "என்னை விட்டுட்டு நீ போ" என்று சினிமாவில் சொல்வதுபோல் சொன்னார். கொளஞ்சி பதறிப்போய் இன்னும் பலமாகத் தள்ளினான். இறக்கத்தில் கற்கள் தடதடக்கும்போதெல்லாம் முட்டிக்குள்ளிருந்த கம்பி தனியாக ஆடியது. அணை தெரிந்தது. ஐந்து ஐம்பத்திரண்டு. கேமராக்கள் தெரிந்ததும் பிரேம்குமார் அவன் கையை முதுகிலிருந்து தட்டிவிட்டு, பெடல்மேல் எழுந்து நின்று, ஒரு கையைத் தூக்கி, முன்னால் போனார். கொளஞ்சி எட்டு அடி பின்னால் வந்தான். ஜெல் போட்டோவுக்குத் தயாராகப் பையில் இருந்தது.

இரண்டு பேருக்கும் மெடல். இரண்டு பேருக்கும் சான்றிதழ். எண்பது கிலோமீட்டர் மலைக்காட்டுப் பாதையை உரிய நேரத்தில் வெளியுதவி எதுவும் இல்லாமல் முழு உடல் தகுதியுடன் கடந்தார் என்று அதில் அச்சடித்திருந்தது. சான்றிதழில் கையெழுத்து, கழகத் தலைவர் பிரேம்குமார். தன் சான்றிதழிலும் அவரேதான் போட்டுக்கொண்டார்.

திங்கட்கிழமை கம்பெனி கேன்டீனில் மேடை போட்டிருந்தார்கள். எல்லோருக்கும் கேசரி. கொளஞ்சி ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தனம் ஒத்தடம் கொடுத்த காலோடு, இஸ்திரி போட்ட சட்டையில், மெடலோடு நின்றான். நிற்க வைத்துவிட்டார்கள்.

பிரேம்குமார் பேசினார். மலை பற்றி, மனசு பற்றி. "கடைசி ஏத்தத்துல கொளஞ்சி தளர்ந்துட்டாரு. முகத்துல தெரிஞ்சுது. நான் நினைச்சிருந்தா முன்னால போயிருக்கலாம். போகல. அவர் பக்கத்துலயே இருந்தேன். பேசிக்கிட்டே இருந்தேன்." பேசிக்கொண்டே இருந்தது உண்மை. "இவரை நாம ரெண்டு வருஷமா ஒரு ஸ்டூல்ல உக்கார வெச்சிருந்தோம். முடியாதவர்னு முத்திரை குத்திட்டோம். அது நம்ம தப்பு. என் தப்பு." அவர் நடிக்கவில்லை, கண் நிஜமாகவே கலங்கியிருந்தது. அதுதான் இதில் மோசம். "இன்னிக்கு அந்த முத்திரையை எடுக்கறேன்."

கை தட்டினார்கள். கொளஞ்சிக்கு ஆர்டரைக் கொடுத்தார். போட்டோ எடுத்தார்கள். பூர்ணிமா நீட்டிய பதிவேட்டில் கொளஞ்சி கையெழுத்துப் போட்டான், இந்த ஒன்பது வருஷத்தில் அவன் போட விரும்பிய ஒரே கையெழுத்து.

கேசரித் தட்டோடு ஓரமாகப் போய் பாவாடை அண்ணனிடம் ஆர்டரைக் கொடுத்தான். "படிங்கண்ணா. தமிழ்ல சொல்லுங்க."

பாவாடை அண்ணன் உதட்டை அசைத்துப் படித்தார். ஒரு இடத்தில் நின்றார். மேலே போய் மறுபடி வந்தார்.

"பர்மனன்ட்டுதான்" என்றார். "பிரஸ் ஷாப்னு போட்டிருக்கு. ரெண்டாவது லைன். என் பக்கத்து மெஷினு."

"ஸ்டோர்னு இருக்கும், பாருங்க."

"இல்லடா. உடல் தகுதி நிரூபிக்கப்பட்டதால பழைய எளிய பணி ரத்துன்னு இருக்குது." அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

கொளஞ்சி பூர்ணிமாவின் அறைக்குப் போனான். நொண்டி நடந்து வந்ததை அவள் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தாள்; பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"மேடம், மாத்திப் போட்டுட்டாங்க போல. என்னால எட்டு மணி நேரம் நிக்க முடியாது. டாக்டர் லெட்டர் ஃபைல்லயே இருக்குது, பாருங்க."

"அது ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, கொளஞ்சி. இது போன சனிக்கிழமை." சான்றிதழின் நகலும், அவன் கையெழுத்துப் போட்ட படிவமும் ஃபைலில் மேலாக இருந்தன. "எலும்பு மூட்டுல கோளாறு இல்லன்னு நீங்களே எழுதிருக்கீங்க."

"ஃபார்மாலிட்டின்னு நீங்கதான் மேடம் சொன்னீங்க."

பூர்ணிமா பேனாவை எடுத்து வைத்தாள். "நான் என்ன பண்ணட்டும்? சாரு நல்லதுன்னு நெனச்சுத்தான் செய்யறாரு."

"அப்ப ஆர்டரு வேணாம் மேடம். கான்ட்ராக்ட்டாவே இருக்கேன். அந்த ஸ்டூலு போதும்."

"அந்த போஸ்ட்டே இப்ப இல்ல."

போஸ்ட் மட்டுமில்லை. ஸ்டோரை எட்டிப் பார்த்தபோது அவன் மூலை காலியாக இருந்தது. ஸ்டூலை வரவேற்பறைக்குத் தூக்கிப் போய், வெள்ளைத் துணி விரித்து, அதன்மேல் கழகத்தின் கோப்பையை வைத்திருந்தார்கள். குட்டைக் காலுக்கு அட்டை மடித்து முட்டுக் கொடுத்தாகிவிட்டது. சுவரில் பெரிய போட்டோ: முன்னால் கையைத் தூக்கியபடி பிரேம்குமார், எட்டு அடி பின்னால் கொளஞ்சி. இரண்டு காலும் வழவழவென்று இருந்தன. பார்க்க நன்றாக இல்லை என்று தழும்பைக் கம்ப்யூட்டரில் எடுத்துவிட்டிருந்தார்கள்.

அன்று மதியமே அவனை லைனில் நிறுத்தினார்கள். முதல் ஒரு மணி நேரம் வலது காலில் நின்றான். இரண்டாவது மணி நேரம் மெஷினைப் பிடித்துக்கொண்டு நின்றான். பாவாடை அண்ணன் ஒரு காலிப் பெயின்ட் டப்பாவைக் காலால் தள்ளிவிட்டார்; சூப்பர்வைசர் பார்த்துவிட்டு, லைனில் உட்காரும் வழக்கம் இல்லை என்று எடுத்துப் போனார். நாலு மணிக்கு பிரேம்குமார் வெளிநாட்டுக்காரர் இருவருக்குக் கம்பெனியைச் சுற்றிக் காட்டிக்கொண்டு வந்தார். கொளஞ்சியைக் காட்டி ஏதோ சொன்னார். அவர்கள் கட்டைவிரலை உயர்த்தினார்கள்.

"அலே, கொளஞ்சி! அலே!" என்றார் பிரேம்குமார்.

ஷிஃப்ட் முடிந்து ஷெட்டுக்கு வர அவனுக்கு வெகுநேரம் ஆனது. பால் கவர் மாட்டிய சீட்டில் ஏறி உட்கார்ந்து ஒரு மிதி மிதித்தான். கம்பி வைத்த கால் சுற்றத் தொடங்கியதும் வலி மெல்ல இறங்கியது. ஊசுட்டேரிக் கரையில் இரண்டு சைக்கிளையும் ஒரு மாட்டுவண்டியையும் முந்தினான்.

கூடப்பாக்கத்தில் தெருக் கிராவலில் சைக்கிள் சத்தம் கேட்டு தனம் வாசலுக்கு வந்தாள். முகத்தைப் பார்க்கவில்லை, முதலில் சட்டைப் பையைப் பார்த்தாள். ஆர்டரின் முனை வெளியே தெரிந்தது.

"வந்துடுச்சா?"

"வந்துடுச்சு."

"பர்மனன்ட்டா?"

"பர்மனன்ட்டு."

"அப்பறம் ஏன் அப்படியே நிக்கற? எறங்கேன்."

வாசல் தூணைப் பிடித்தபடி சீட்டிலேயே இருந்த கொளஞ்சி இடது காலைத் தரையில் ஊன்றப் பார்த்தான். பெடலிலிருந்து எடுத்த கால் காற்றிலேயே நின்றது. திரும்பப் பெடலில் வைத்தான்.

"இன்னொரு ரவுண்டு போய்ட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு மிதித்தான்.